ஊதியூர் தாண்டி

ஊதியூர் மலை பின்னால் போனதும்
கண்ணாடியில் பார்த்தேன்.
பாட்டுக்குத் தலையாட்டுகிறாள் வர்ணிகா
என்றுதான் நினைத்தேன்.
காரில் பாட்டு ஓடவில்லை.

பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு கோழி லாரி.
முதல் தடவை, பல்லடம் ரோட்டில்,
நட்டநடுவில் பிரேக்கை மிதித்தவள் நான்.
அதே காலிடம் இப்போது சொல்கிறேன்:
மெதுவா. முதல்ல இண்டிகேட்டர்.
இடப்பக்கம் மண் இருக்கு,
வேலாமரம் இருக்கு,
லாரி போகட்டும்.

திட்டிக்கொண்டே போனது.
ஒரு வெள்ளை இறகு
கண்ணாடியில் ஒட்டி, யோசித்து, பறந்தது.

4.17.
கைபிரேக். நாலு மூலையிலும் சிமிட்டும் விளக்கு.
பெல்ட்டைக் கழற்றி ஒருக்களித்துப் படுக்கவைத்தேன்.
தலைக்குக் கீழே என் துப்பட்டா.
கையைப் பிடித்து அழுத்தவில்லை.
அந்தக் கை யாரோடோ சண்டையில் இருக்கிறது,
முடித்துவிட்டு வரட்டும்.

மொபெட்டைக் கிளுவை வேலியில் சாய்த்துவிட்டு
ஒருவர் ஓடி வந்தார்.
"சாவி குடுங்கம்மிணி, கையில சாவி!"
தன்னுடையதையே நீட்டினார்,
பிளாஸ்டிக் வேல் தொங்கும் சாவி.
"வேண்டாங்ண்ணா.
வெயில் மூஞ்சில படுது,
கொஞ்சம் மறைச்சு நில்லுங்க."
வங்கியில் டோக்கன் கூப்பிடுகிறவள் மாதிரி
இருந்தது என் குரல்.
அவர் துண்டை விரித்துக் கதவோரம் நின்றார்.
சாவி கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது.

4.19.
ஐந்து நிமிடம் ஆனால் மூக்கில் அடிக்கும் மருந்து.
மூடியைக் கழற்றி மடியில் வைத்தேன்.
தூரத்தில் ஒரு காற்றாலை சுற்றியது,
பக்கத்தில் ஒன்று சும்மா நின்றது.
விளக்கின் டிக் டிக்கை எண்ணினேன்.
பதற்றப்படாதீங்க என்று கோவையில் டாக்டர் சொன்னதைக்
கைகளுக்கு மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.
வயிறு கேட்காது.

நூற்று அறுபதோ எழுபதோ.
விரல் ஒவ்வொன்றாய் அவிழ்ந்தது.
ஒரு நீண்ட மூச்சு, குறட்டை போல.
எச்சிலைத் துடைத்தேன்.
கண் திறந்தாள்,
ஆனால் இன்னும் வந்து சேரவில்லை.
மெதுவா வா சாமி.
அவசரமே இல்ல.

மூடியைத் திரும்பப் போட்டேன். 4.21.

அவர் போகவில்லை.
துண்டை மடிக்கவும் இல்லை.
"எம்பட பையனுக்கு
எல்லாரும் சாவிதானுங்க குடுத்தாங்க" என்றார்.
அது எந்த வருஷம் என்றோ
இப்போது அவன் எங்கே என்றோ
நான் கேட்கவில்லை.

அவள் தூங்கிப்போனாள்.
தண்ணீர் குடித்தேன், வீட்டுக்குச் சொன்னேன்,
ஸ்டார்ட் செய்தேன்.
அப்போதுதான் கால் நடுங்க ஆரம்பித்தது.
அணைத்தேன்.

அவர் வேலாமரத்தடியில் குந்தினார்,
அவருக்கும் அவசரம் இல்லாதது மாதிரி.