அரைச் சிரட்டை

மூன்று நாள் காலையில் டப்பாவில் துப்பிக் கொடுத்தேன்.
காசநோய் இல்லை என்றார்கள்.
ஜெய்னம்பு சந்தோஷத்தில் அழுதாள்.
நாலாம் நாள் வந்த ரத்தத்துக்கு
என்ன பேர் என்று தெரியாமல் நின்றோம்.

பைபர் படகு ஒட்டுகிறவன் நான்.
வாலிநோக்கத்தில் ஓட்டை விழுந்த எந்த வள்ளத்துக்கும்
என் கைதான் தோல் போடும்.
ரெசின் வாடை, பெட்ரோல் வாடை, பீடி.
இருமலைக் கூலியோடு சேர்த்தே கணக்கு வைத்திருந்தேன்.
பிறகு ஒரு விடியலில் மூத்திரம்
கருப்பட்டித் தேத்தண்ணி நிறத்தில் போனது.
காலால் மணலைத் தள்ளி மூடினேன்
யாரும் பார்த்துவிடாமல்.

ராமநாதபுரத்தில் சீட்டுப் போடுகிற பெண் பேர் கேட்டாள்.
சீனிக்கட்டி என்றேன்.
"சுகர் பிரிவு மாடியில" என்றாள், நிமிராமல்.
இருமிக்கொண்டே சிரித்தேன்.
துண்டு சிவந்த பிறகு நிமிர்ந்தாள்.

மதுரையில் குப்புறப் படுக்கவைத்து
முதுகில் ஊசி இறக்கி
சிறுநீரகத்தில் நூலளவு கிள்ளினார்கள்.
டாக்டர் திலகவேணிக்கு என் தங்கச்சி வயசு.
செல்போனில் படம் காட்டினார்:
கருப்புக்குள் ஒரு பச்சைக் கோடு,
எங்கும் அறாமல், வளைந்து வளைந்து.
அமாவாசைக் கடலில் துடுப்பு பட்ட இடம்
மினுங்குமே, அந்தப் பச்சை.
"அழகா இருக்கே" என்றுவிட்டேன்.
"இந்தக் கோடுதான் நோய்" என்றார்.

உடம்பின் படை உடம்பையே எதிரி என்று நினைத்து,
என்று ஆரம்பித்தார்.
படை, எதிரி, எல்லை.
எங்கள் கரையில் ரேடியோ போதும்மட்டும் சொல்லிவிட்டது.
வேற மாதிரி சொல்லுங்க என்றேன்.

காகிதத்தை இழுத்து இரண்டு வட்டம் போட்டார்.
நுரையீரலில் காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு சவ்வு.
சிறுநீரகத்தில் ரத்தத்துக்கும் மூத்திரத்துக்கும் நடுவே ஒரு சவ்வு.
ரெண்டும் ஒரே நூலில் நெய்தது.
அந்த நூலை உங்க ரத்தத்துக்கு அடையாளம் தெரியாமப் போச்சு.

"பீடியாலயா?"
"பீடி கதவைத் திறந்துவிட்டிருக்கலாம். ரெசினும் இருக்கலாம்.
பத்து லட்சம் பேர்ல ஒருத்தருக்கு வருது.
அது ஏன் நீங்கன்னு கேட்டா, எனக்குத் தெரியாது."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி
அன்றைக்குத்தான் கேட்டேன்.
எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

பதினாலு நாள் ரத்தத்தை வெளியே இறக்கி
மஞ்சள் நீரை மட்டும் பிரித்து
மிச்சத்தை எனக்கே திருப்பி ஏற்றினார்கள்.
என்மேல் கோபமாயிருந்தது அந்த மஞ்சள்தானாம்.
பையை நர்ஸ் தூக்கிப் போகையில்
"இதை எங்க கொட்டுவாங்க?" என்றாள் ஜெய்னம்பு.
யாரும் பதில் சொல்லவில்லை.
ராத்திரி முழுக்க எனக்கும் அதே கேள்வி.

நெஞ்சு ஆறிவிட்டது.
சிறுநீரகம் திரும்பி வரவில்லை.
வாரத்தில் மூன்று நாள் முதல் பஸ், நாலு மணி நேரம் மிஷின்.
பெட்ரோல் வாடை பக்கம் போகக் கூடாது.
மச்சான் இப்போது வள்ளம் ஒட்டுகிறான்,
ரெசினில் பதம் தெரியாமல்.
ஒரு நாளைக்குத் தண்ணீர் முக்கால் லிட்டர்.

நேற்று ஜெய்னம்புவோடு ஊற்றுக்குப் போனேன்.
கடலிலிருந்து நாற்பது எட்டு இருக்கும்.
குழிக்குள் இறங்கி, சிரட்டையைச் சாய்த்து
மேலாக மேலாக மொண்டாள்.
பக்கத்துக் குழியில் புதுப்பெண் ஒருத்தி
குடம் நிறையவில்லை என்று ஆழ முக்கினாள்.
"அடியக் கலக்காதடி, உப்பு ஏறிரும்!"
பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்.
நேற்றுத்தான் காதில் விழுந்தது.

நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல் படுத்திருக்கிறது.
ரெண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறதென்று
குனிந்து பார்த்தேன்.
மாத்திரையில் ஊதின என் முகம் ஆடியது.

ஜெய்னம்பு அரைச் சிரட்டை நீட்டினாள்.
நாக்கில் வைத்து, உருட்டி, மெதுவாய் விழுங்கினேன்.
"எழுபது மில்லி" என்றாள்,
"வீட்டுக்குப் போனதும் நோட்டுல எழுதிரு."