ஏழாம் நம்பர் மலைக்கு டொலமைட்

பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை வாசித்தார்:
"ஏழாம் நம்பர். டொலமைட். நாலு ஆள்."
தலவாக்கலையிலிருந்து தாள் வந்திருக்கிறதாம்,
மண்ணில் மகனீசியம் போதவில்லை.

மூட்டை ஐம்பது கிலோ.
உள்ளே இருக்கிற உலோகமோ
அலுமினியத்தைவிட லேசு.
ஒன்பதாம் ஆண்டில் படித்தது.
தோள்பட்டை நம்ப மாட்டேன் என்கிறது.

தனியாக அது எங்கேயும் கிடப்பதில்லை.
கல்லிலோ கடலிலோ
யாரோடாவது ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்,
எங்கள் காம்பராவில் சித்தப்பா குடும்பம் மாதிரி.
பிரித்தெடுத்தால் வெள்ளி நிறம்.

ஆய்வுகூடத்தில் ஒரு நாடாத் துண்டை
இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினோம்.
நேரே பார்க்காதே என்றார்கள்.
லோகிதாசன் பார்த்தான்.
அன்று பின்னேரம் வரை
எவர் முகத்திலும் நடுவில் ஓட்டை என்றான்.
இப்போது கொழும்பில் பட்டறை வேலை.
பந்தயக் காரின் சில்லொன்றை
ஒற்றைக் கையால் தூக்கிப் படம் அனுப்பியிருக்கிறான்:
"மச்சான், நம்ம மகனீசியம்."

இங்கே அது இலைக்குள் இருக்கிறது.
நாலு நைதரசன் சுற்றிக் குந்தியிருக்க
நடுவில் அடுப்பாக.
பச்சை என்பது அந்த அடுப்பு எரிவது.
போதாமல் போனால்
முற்றிய இலை தன்னிடம் உள்ளதையும்
கொழுந்துக்குக் கொடுத்துவிட்டு
நரம்பு மட்டும் பச்சையாய்
மஞ்சளிக்கும்.
கொழுந்தை நாங்கள் கிள்ளிவிடுவோம்.

தொழிற்சாலைச் சூட்டில்
உலோகம் இலையின் நடுவைவிட்டு நழுவும்.
கப்பலேறும் கறுப்புக்கு
அதுவும் ஒரு காரணம்.

மத்தியானம் மழை.
தூவியதில் பாதி ஓடைக்குப் போனது.
எங்களுக்கு அரைப் பேர்.

ராத்திரி சந்தனமேரிக்குக்
கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.
கத்தினாள், பிள்ளை எழும்பிவிட்டது.
இருட்டிலேயே பாதத்தைப் பிடித்து
மேலே மடக்கினேன்.
போன மாதமே டிஸ்பென்சரியில் கேட்டாயிற்று.
மகனீசியமாக இருக்கலாம்,
உப்பாக இருக்கலாம்,
சரிவில் நின்ற நிற்பாகவும் இருக்கலாம் என்றார்
மருந்து கலக்கிறவர்.
இவளுக்கென்று
தாள் எங்கிருந்தும் வரவில்லை.

கையைச் சரியாகக் கழுவவில்லை போல.
விடிந்து பார்த்தால் அவள் கெண்டைக்காலில்
என் ஐந்து விரலும் வெள்ளையாய்.
குனிந்து பார்த்தாள்.
"இது எத்தனையாம் நம்பர்?" என்றாள்.
துடைக்கவில்லை.
படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு
பெரட்டுக்குப் போனாள்.