மூன்றாமவள்

எனக்கு விழுந்தவை முந்நூற்றுப் பதினொன்று.
தூண்டில் புழுவும் ஐஸ்கட்டியும் விற்கிறவளுக்கு
அதுவே அதிகம் என்றார் என் கணவர்,
உறைபெட்டியைத் துடைத்துக்கொண்டே.

பேயூ லோரெலில்
மேயர் நாற்காலிக்கு நான்கு பேர் நின்றோம்.
ஹார்லன் விட்ரினுக்கு ஆயிரத்து நூற்று நான்கு.
ரோசெட்டா பொலியாருக்கு எண்ணூற்று நாற்பத்திரண்டு.
முடிதிருத்தும் க்ளோவிஸுக்கு ஐம்பத்தெட்டு,
அதில் பாதி சிரிப்புக்காகப் போட்டது.

பாதியைத் தாண்ட வேண்டும், லூயிசியானாவில் சட்டம் அப்படி.
ஹார்லனுக்குக் குறைந்தவை ஐம்பத்து நான்கு.
க்ளோவிஸின் சிரிப்பே போதுமாயிருந்திருக்கும்.

ஆனாலும் அன்றிரவு ஹார்லன் வீட்டு முற்றத்தில்
வாணம் வெடித்தது.
டிசம்பரில் இன்னொரு சுற்று,
தாலுகாக் கச்சேரிக்குக் கட்டும் முத்திரைக் கட்டணம்போல
ஒரு சில்லறைச் சடங்கு.

தோற்ற மறுநாள்தான்
என் பெயர் ஊருக்குத் தெரிந்தது.

வியாழனன்று ஹார்லன் வந்தார்.
மனைவி சுட்ட பீக்கன் பை, இன்னும் சூடாக.
"ஓடில், நீர்வாரியத்தில் ஓர் இடம் காலி" என்றார்
என்னைப் பார்க்காமல்,
தொட்டியில் சுழலும் பொடிமீன்களைப் பார்த்தபடி.

ஞாயிறன்று ரோசெட்டா வந்தாள்,
வெறுங்கையோடு, ரப்பர் பூட்ஸோடு.
இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
"சைப்ரஸ் தெருக்காரர்கள்
எதற்காக உனக்குப் போட்டார்கள்?" என்று கேட்டாள்.

சாக்கடைக்காக, என்றேன்.
மழை பிடித்தால் மூன்றாம் படி வரை தண்ணீர்.
தபால்காரருக்கு முன்னால் தவளை வந்துவிடும்.
பெட்ரோல் ரசீதின் முதுகில்
அதை எழுதிக்கொண்டாள்,
தவளை உட்பட.

இருவருக்கும் நான் வாக்குக் கொடுக்கவில்லை.
அந்த முந்நூற்றுப் பதினொன்று
என் வாளியில் நீந்தும் மீன்கள் அல்ல
இன்னொருவர் வாளியில் கவிழ்த்துவிட.
பையை மட்டும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

டிசம்பர், சனிக்கிழமை. தூறல்.
வாத்து வேட்டைக்குத் தோதான வானம்.
அதிகாலை நான்கு மணிக்கே
சேற்று நிற உடுப்பில் ஆட்கள் என் கடையில்:
காபி, தோட்டா, ஐஸ்.
எல்லாருடைய வண்டியிலும் ஹார்லனின் நீல ஒட்டுத்தாள்.
"ஓட்டு?" என்றேன் ஒருவனிடம்.
"அவர்தான் போன மாசமே ஜெயிச்சாச்சே" என்றான்.
இரவு முகாமிலேயே தங்கல், நாளைக்குத்தான் திரும்புவோம் என்றான்.
நான் மீதிச் சில்லறையைக் கொடுத்தேன்.

ஏழு மணிக்கு ரோசெட்டா கிளம்பினாள்
தன் சொந்த வேனில்,
பழைய பேருந்துத் தடத்தில்,
அதே வரிசையில், அதே திருப்பங்களில்.
எந்த வீட்டில் செருப்பைத் தேடுவார்கள்,
எந்த வாசலில் மூன்று நிமிடம் காக்க வேண்டும்
என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.
இரண்டு முறை ஒலிப்பான்.
அன்று பேருந்தைத் தவறவிட்ட பிள்ளைகள்,
இன்று நரைத்த தாடியோடு,
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார்கள்.

தீயணைப்பு நிலையத்தில் வரிசையே இல்லை.
நனைந்த குடைகள்தான் வரிசையாகக் கிடந்தன.

ஹார்லன்: அறுநூற்றுப் பன்னிரண்டு.
ரோசெட்டா: அறுநூற்று முப்பத்து மூன்று.

பின்தங்கியபோது வாங்கியதைவிட
இருநூற்று ஒன்பது குறைவாக வாங்கி
அவள் ஜெயித்தாள்.
இதை யாருக்கும் சுருக்கமாக விளக்க முடியவில்லை.
ஹார்லன் ஒரு வாரம் கதவைத் திறக்கவில்லை.
என்னுடைய முந்நூற்றுப் பதினொன்று எங்கே போயின?
கொஞ்சம் அங்கே, கொஞ்சம் இங்கே,
மிச்சமெல்லாம் சோபாவில், கால்பந்தாட்டத்தின் முன்னால்.

பிப்ரவரியில் சைப்ரஸ் தெருவுக்கு
மண்வாரி ஒன்று வந்தது. பாதி தோண்டி நிற்கிறது.
தவளைகள் இன்னும் முடிவு செய்யவில்லை.

வித்தியாசம் இருபத்தொன்று.

வாக்குச்சாவடி எட்டு மணி வரை திறந்திருக்கும், முதலில் அங்கே போய்விட்டுப் போங்கள்
என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான்.
அன்று விடியலில் எத்தனை காபி விற்றேன் என்பது
கல்லாப்பெட்டிக் காகிதச் சுருளில் இருக்கும்.
ரப்பர் வளையம் போட்டு
இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.
இதுவரை பிரிக்கவில்லை.