ஒரு சாண்

இரணைப்பாலை, கிழக்குத் துண்டு, ஏழாம் இலக்கம்.
காலை ஆறரைக்குக் கவசம் மாட்டி
முகமறைப்பை இறக்கி
முழந்தாளில் நின்றேன் பதினொரு மாதம்.
ஒரு நாளில் ஒரு பாய் அகலம் முன்னேறினால்
மேற்பார்வை ஜெயசீலன் கெட்டிக்காரி என்பார்.

கருவிக்குப் பேதம் தெரியாது.
மீன்ரின், கவராயம், குடைக்கம்பி,
பாக்குவெட்டியின் ஒரு கை,
எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் கத்தும்.
ஒவ்வொன்றையும் மிதிவெடி என்றே நம்பி
பக்கத்தால் வந்து, தூரிகையால்,
ரொட்டியில் ஒட்டின சாம்பலைத் தட்டுவதுபோல
தட்டித்தான் எடுக்க வேண்டும்.
மீன்ரின்னுக்குப் பயந்த நாட்கள்தான் கூட.

உண்மையில் இருந்தது நான்கு.
நித்திரையில் கேட்டாலும் இடம் சொல்லுவேன்:
இரண்டு கிணற்றடியில்,
ஒன்று பாலைமரத்து வேருக்குள்,
ஒன்று
பழைய அடுப்புக்கல்லுக்கு நேர் கீழே.

இன்றைக்குக் கையளிப்பு.
கச்சேரி வாகனம், கிராமசேவையாளர்,
பிளாஸ்ரிக் கதிரை எட்டு, ஒரு பெட்டி சோடா.
தாளில் எழுதியிருக்கிறது:
இருபது சென்ரிமீற்றர் ஆழம் வரை அகற்றப்பட்டது.
கீழே நான். ம. தவறூபி.

அற்புதமலர் தாளை வாங்கவில்லை.
குந்தியிருந்து கையை விரித்து
பெருவிரலை மண்மேல் வைத்து
சுண்டுவிரலை மேலே நீட்டிப் பார்த்தா.
"இவ்வளவுதானோ பிள்ளை?"
"ஓம் அக்கா. ஒரு சாண் எண்டு வையுங்கோ."
"வயித்துக்குக் காணும்," என்றா.
"மிச்சம் ஏழு சாணுக்கு?"

பிறகு விரல் மடித்து எண்ணினா.
தென்னங்கிடங்கு மூண்டடி.
வீட்டுத்திட்டக்காரர் அத்திவாரத்துக்கு மூண்டரை கேட்கினம்.
கக்கூசுக் குழி எட்டடி.
"அதுக்குக் கீழ ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

ஜெயசீலன் தொண்டையைச் செருமினார்.
சர்வதேச நியமம் என்றார்.
வைத்தது வைத்த ஆழத்தில்தான் கிடக்கும் என்றார்.
"மாரிக்கு மண் தன்பாட்டில நடக்கும் தம்பி,
பதினாலு மாரி பெய்ஞ்சிருக்கு."
யாரோ சோடா உடைத்தார்கள்.
அவ்வளவு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினோம்,
கிராமசேவையாளர் உட்பட.

கடைசியில் நாங்கள் நடந்து காட்டுவது வழக்கம்.
கவசமில்லாமல், கை கோத்து, பதினாறு பேர்,
இந்த வேலியிலிருந்து அந்த வேலிக்கு.
நடந்தோம். சிரித்தோம். படம் எடுத்தார்கள்.
பதினொரு மாதத்தில் முதல்தரம்
அந்த மண்ணை முழு உள்ளங்காலால் மிதித்தேன்.
சுட்டது. வெயில்தான்.

அவ எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.
நாங்கள் கடந்தபின் செருப்பைக் கழற்றிவிட்டு
என் அடிச்சுவட்டில், பதினாறு பேரில் என்னுடையதில்,
ஒவ்வொன்றாக வைத்து வந்தா.
அவவின் கால் என்னுடையதிலும் சிறிது.

நான் பொய் சொல்லவில்லை.
அந்த ஒரு சாணுக்கு நான் பொறுப்பு.
அதற்குக் கீழே
தெரியாது என்பதுதான் எனக்குத் தெரியும்.
அதை எழுத அந்தத் தாளில் ஒரு கட்டமில்லை.

மாரி முடிய அந்தப் பக்கம் போனேன்.
தறப்பாள் கொட்டில். கயிற்றில் உடுப்பு.
தென்னம்பிள்ளைக்குக் கிடங்கு வெட்டவில்லை அவ.
ஒட்டுசுட்டானிலிருந்து மெசினில் மண் ஏற்றி வந்து
இடுப்பளவு மேடு கட்டி
அதன் உச்சியில் நட்டிருந்தா.
"மேல நிண்டு மெல்ல இறங்கட்டும்.
எனக்கென்ன அவசரம்."

தேத்தண்ணி வைக்கப் போனா. பின்னால் போனேன்.
அடுப்பு
அதே கல்லில், அதே இடத்தில் எரிந்துகொண்டிருந்தது.
நான் நின்றதைக் கண்டுவிட்டு
ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தா:
"இதில ஒண்டு எடுத்தனீங்கள்தானே.
எடுத்த இடம் மட்டும்தான் பிள்ளை
எனக்கு நிச்சயம்."