கசக்குதா

தலையில் கவிழ்த்த வெள்ளைக் கூண்டுக்குள்
டாக்டர் இளம்பரிதி.
ஓட்டை வழியே கசப்பு மருந்தைப்
புஸ் புஸ்ஸென்று அடிக்கிறேன்.
கசக்குதா சார்?
இரண்டாவது அடியிலேயே முகம் சுளித்தது.
தாடி, சார்.
எவ்வளவு உசத்தி மாஸ்க்கும்
தாடிமேல் படிந்து உட்காராது.
"பொண்ணுக்கு இந்தத் தாடிதான் பிடிச்சிருக்காம்" என்றார்.
அவர் பெயருக்கு நேரே
பெருக்கல் குறி போட்டேன்.

தருமபுரி அரசு மருத்துவமனை,
நெஞ்சகப் பிரிவுத் தாழ்வாரம்.
பதினான்கு பேரில் ஒன்பது பேருக்குக் கசக்கவில்லை.
கூண்டை மடிக்கும்போது
வாளியோடு வந்து நின்றாள் மாதம்மாள்.
ஒப்பந்தத் துப்புரவு. பட்டியலில் கிடையாது.
நாலரை மணி பென்னாகரம் பஸ்ஸைப்
பிடிக்க வேண்டியவள்.
"எனக்கும் பாருங்க சிஸ்டர்."

முகத்தில் கட்டியிருந்த துணியிலேயே பார்த்தோம்.
பழைய சேலை, இரண்டு மடிப்பு.
அடித்த கணமே, "அய்ய, எட்டிக்காயி!"
பிறகு வெளிர்நீல மூணடுக்கு.
கொஞ்சம் தாக்குப்பிடித்தது.
தலையை இடவலமாய்த் திருப்பச் சொன்னேன்.
மூக்கோரம், கன்னத்தோரம் இடுக்கு.
தொப்பூர் கணவாயில் லாரி இறங்குகிற மாதிரி
ஒன்றன்பின் ஒன்றாய் உள்ளே போனது.
துணி எவ்வளவு கெட்டியென்று
காற்று கேட்பதில்லை,
வழி எங்கே என்றுதான் கேட்கிறது.

அப்புறம் அவளே இடுப்பிலிருந்து
மடித்த ஒன்றை எடுத்தாள்.
என்-95.
யார் கொடுத்தது?
"அஞ்சாம் நம்பர் பெட்டுல இருந்த அம்மாவோட மகன்.
அவங்க செத்த அன்னிக்கி."
ஞாயிறுதோறும் சோப்பில் அலசி
மகளின் யூனிபார்முக்குப் பக்கத்தில்
நிழலில் காயப்போடுவாளாம்.

என்னால் உடனே சொல்ல முடியவில்லை,
இழைக்குள் துகளை இழுத்துப் பிடிக்கும்
மின்சாரம் ஒன்று இருந்ததையும்
சோப்புத் தண்ணீரோடு அது
எப்போதோ போய்விட்டதையும்.
வாரும் தொளதொளத்துக் கிடந்தது.

அடித்தேன்.
நான்கு. ஏழு. பத்து.
கசக்குதா?
"இல்ல சிஸ்டர்."
கூண்டின் பிளாஸ்டிக் சன்னலுக்குப் பின்னால்
அவள் தொண்டை
இரண்டு முறை ஏறி இறங்கியது.

புதுப் பெட்டியைக் கிழித்தேன்.
ஸ்டோரில் கணக்குக் கேட்பார்கள்.
கேட்கட்டும்.
மேல் வார் உச்சந்தலைக்கு, கீழ் வார் பிடரிக்கு,
மூக்குக் கம்பியை இரண்டு விரலால் அமுக்கி
மறுபடி அடித்தேன்.
பெரிதாய் மூச்சு வாங்கச் சொன்னேன்.
குனிந்து நிமிரச் சொன்னேன்.
எதையாவது பேசச் சொன்னேன்.

வெகுநேரம் பேசாமல் நின்றவள்
கடைசியில் சொன்னாள்:
"அப்ப அது கசந்துச்சு சிஸ்டர்."