தலைக்கனம்

முதலில் தண்ணீர்.
மருந்து அடைத்த எஞ்சின் தபாலில் வராது,
வந்தாலும் சுங்கத்தில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும்.
என் பெயரும் வெடிமருந்து என்ற சொல்லும்
ஒரே கடதாசியில் அருகருகே இருப்பதை
இந்த ஊரில் நான் விரும்பவில்லை.
ஆகவே தண்ணீர்.
ஒன்றரை லீற்றர் ஜிஞ்சர் பியர்ப் போத்தல்,
மூன்றில் ஒரு பங்குக்கு அது, மிச்சம் காற்று.

தெஹிவளையில் பல் கட்டும் ஆய்வுகூடத்தில்
பதினாறு வருஷமாய்ப் பிறர் வாய்க்கு வேலை செய்கிறவள் நான்.
அரம் கைக்குப் பழக்கம்.
போன தேர்தலில் தோற்றவரின் விளம்பரப் பலகையில்
செட்டை மூன்று வெட்டினேன்.
ஒன்றில் அவருடைய காது.
மூக்கை மட்டும் பொய்ப்பல் அக்ரிலிக்கில் வார்த்தேன்,
அதனால் அது முரசு நிறம்.

நேராய்ப் பறக்குமா என்று பார்க்க ஒரு வழி உண்டு:
நிறை சமன்படும் இடத்தில் நூலைக் கட்டித்
தலைக்கு மேல் சுழற்று.
மூக்கு முன்னால் போனால் நல்லது.
மொட்டைமாடியில் என்னுடையது குறுக்காய்ப் போனது,
பிறகு பின்புறமாய்,
பிறகு நூல் அறுந்து
நாலாம் மாடி சில்மியாவின் காயாத அபாயாவுக்குள்.

"இதென்னத்தியன்?" என்றாள்.
சொன்னேன்.
விரலில் வைத்து ஆட்டிப் பார்த்தாள்.
"வால் பக்கம் பாரம்."

ஐந்து ரூபாக் குத்தி இரண்டை மெழுகில் புதைத்து
மூக்குக்குள் வைத்தேன். பிறகு இன்னொன்று.
பள்ளிக்கூடத்தில், சொந்தத்தில்,
பெண்பார்க்க வந்த இரண்டு வீட்டாரிடத்தில்
எனக்குச் சொல்லப்பட்ட குறை இது ஒன்றுதான்.
பதினைந்து ரூபாய்க்குத் தலைக்கனம்,
நூலில் கோடு போட்டதுபோல் போனது.
தலை இருக்க வால் ஆடவில்லை.

ஞாயிறு விடியற்காலை, வெள்ளவத்தை,
தண்டவாளத்துக்கு அப்பால் கொஞ்சம் மணல்.
பாணந்துறை ரயில் போகட்டும் என்று காத்திருந்து
கம்பிகளை ஊன்றினோம்.
சில்மியா பம் அடித்தாள்.
முப்பது றாத்தல், நாற்பது,
வால்வுக்கட்டை கழன்று என் மடி முழுக்கத் தண்ணீர்.

இரண்டாம் தடவை கயிற்றை இழுத்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காததைக் கிட்டப் போய்ப் பார்க்கக் கூடாது,
நூறு எண்ண வேண்டும்.
எழுபத்திரண்டில் பொலிஸ்காரர் வந்தார்.

"மே மொகத்த?"

எனக்குச் சிங்களம் நன்றாய் வரும்,
பல்லுக்கு, வாடகைக்கு, மரக்கறிக்கு.
இதற்கு மட்டும் நாக்கு ஒட்டிக்கொண்டது.
மூன்று மொழிக்கும் ஒரே சொல், அதுதான் சிக்கல்.
"ரொக்கட் எக்கக்" என்றேன், போத்தலைப் பார்த்து.
அவர் முரசு நிற மூக்கைப் பார்த்தார்.
தோற்றவரின் காதைப் பார்த்தார்.
இடுப்புப் பட்டியில் கையை வைத்தபடி
"கொச்சர உடட்ட யனவத?"

எவ்வளவு உயரம் போகும் என்கிறார்.
இரண்டு கிழமை எல்லாம் யோசித்தவள்
யோசிக்காமல் விட்டது அதைத்தான்.

அறுபது றாத்தலில் போனது.
ஒரு செருமல், மணலில் வெள்ளையாய் ஒரு அடி,
மூவரின் கால்களும் நனைந்தன.
போத்தல் நின்ற இடத்தில் காலை மட்டும் நின்றது.
நாங்கள் அண்ணாந்தபோது
அது ஏற்கெனவே திரும்பத் தொடங்கியிருந்தது.
சொப்பிங் பையில் தைத்த குடை விரியவில்லை.
கடல்.

ஐம்பது மீற்றர் என்றாள் சில்மியா.
இருபது என்றார் பொலிஸ்காரர், சப்பாத்தை உதறிக்கொண்டு.
சண்டை நன்றாய் நடந்தது.
நடுவில் ஒரு அலை போத்தலைக் கொண்டுவந்து போட்டது,
மூக்கில்லாமல்.
பதினைந்து ரூபாவும் போச்சு.

அடுத்த ஞாயிறும் அவருக்கு இங்கேதான் கடமையாம்.
ஒரு இலக்கம் கடன்.
திங்கள், மதிய இடைவேளை.
எதிர்ப்பக்கம் கட்டி முடியாத பதின்மூன்று மாடியைக்
கண் ஒன்றை மூடிக்கொண்டு அளக்கிறேன்.
பாகைமானி, ஒரு முழ நூல்,
நுனியில் தொங்க
யாரும் வந்து வாங்கிப் போகாத கடைவாய்ப் பல்.