ஒற்று

துலூத் நகரில் ஏரி உறைய மறுத்த குளிர்காலத்தில்
கொரின் ஹால்வர்சன்
நாற்பத்தொரு வயதில்
மறுபடி எழுதப் படிக்கத் தொடங்கினாள்.

இருபத்திரண்டு விசைகள்.
எதன் மேலும் எழுத்தில்லை.
முதல் மெய் இடக்கை விரல்களுக்கு,
உயிர் கட்டைவிரல்களுக்கு,
ஈற்றில் நிற்கும் ஒற்று வலக்கைக்கு.
மூன்றும் ஒருசேர அமுங்கினால் ஓர் அசை.
பியானோ மாதிரி என்பார்கள்.
பியானோவுக்குச் சத்தம் உண்டு.

இரவில் மோட்டல் சலவையறை.
உலர்த்தி சுழலும் நாற்பது நிமிடம் அவளுடையது.
மடித்த துண்டுகளின் மேல் இயந்திரத்தை ஏற்றி
காதுக்குள் ஓடும் போலிச் சாட்சியங்களை எழுதுவாள்:
சிவப்பு விளக்கில் நிற்காத லாரி,
வேறு முழங்காலைக் கீறிவிட்ட டாக்டர்,
ஒரு படகுக்காகப் பேச்சை நிறுத்திய மூன்று சகோதரர்கள்.
நிமிடத்துக்கு நூற்று நாற்பது சொல்.
நூற்று அறுபது.
நூற்று எண்பது.

நூற்று எண்பதில் நின்றுபோனது.
பதினோரு மாதம்.

வகுப்பில் இருபத்தாறு பேர் சேர்ந்திருந்தார்கள்.
ஒருவன் இன்ஷூரன்ஸ் விற்கப் போனான்.
இரட்டையரில் ஒருத்தி நின்றுவிட
மற்றவள் அந்த நாற்காலியில் தன் கோட்டை மாட்டி வைத்தாள்.
மீந்தது ஐந்து பேர்.
"புரிந்துகொள்ளப் பார்க்கிறீர்கள், அதுதான் தாமதம்,"
என்றாள் அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவளான
ஆசிரியை ஓடெகார்ட்.
"கேளுங்கள். விடுங்கள். அடுத்ததைக் கேளுங்கள்."

விட முடியாத ஒன்று கொரினிடம் இருந்தது.
ஒன்பது வருடம் முன்பு
மகன் யாரோடு வளர்வது என்று ஒரு விசாரணை.
பக்கத்துக்கு நான்கு டாலர் கொடுத்து
அதன் பதிவை வாங்கி
காருக்குள் உட்கார்ந்து படித்தாள்.
கணவனின் வக்கீல் முப்பது பக்கம் இருந்தார்.
அவள் இருந்தது
ஆம்.
இல்லை.
ஆம்.
நீதிபதி ஏதோ கேட்க, தொண்டை அடைத்து,
மேசை விளிம்பைப் பிடித்தபடி
தலையாட்டிக்கொண்டே இருந்தாளே, அந்த நேரம் முழுக்க
தாளில்
(பதில் இல்லை).

பயிற்சிக்குக் கவுண்டி நீதிமன்றம் அனுப்பினார்கள்.
வாடகை பாக்கி வழக்கு.
சாட்சி நாற்காலியில் ஒரு பையன்,
சட்டையில் பொரித்த மீன் வாசம் போகவில்லை.
நோட்டீஸ் உன் கைக்கு வந்ததா?
தலையை அசைத்தான்.
கொரினின் விரல்கள் காற்றில் நின்றன.
தலையசைப்புக்கு விசை கிடையாது.

பக்கத்தில் இருந்த நீதிமன்றக் குறிப்பாளர்
ஒரு கையை உயர்த்தினார்.
"மன்னிக்கவும். சாட்சி வாய் திறந்து சொல்ல வேண்டும்."

ஹீட்டர் கனைத்தது.
"இல்லை," என்றான் பையன்.
"அக்கா பேருக்கு வந்தது. அவள் டிசம்பரிலேயே போய்விட்டாள்.
போய்விட்டாள் என்றால்..."
அதற்கப்புறம் அவன் நிறுத்தவில்லை.
அவள் எழுதினாள்.
வேகத்தை எண்ண மறந்துபோனாள்.

பஸ்ஸில் திரும்பும்போது
வந்தது கோபமா என்று தெரியவில்லை.
அன்றைக்கு ஒரு ஆள் கையை உயர்த்தியிருக்கலாம்.
அவ்வளவுதான்.

மார்ச்சில் இருநூற்று இருபத்தைந்து,
ஐந்து நிமிடம், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரி.
அன்றிரவும் துண்டு மடிக்கப் போனாள்.

இரண்டாண்டுப் பட்டம். அவளுக்கு நான்கரை ஆயிற்று.
விழா கல்லூரி விளையாட்டுக்கூடத்தில்.
கூடைப்பந்து வளையங்களைக் கூரைக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள்.
மகன் வந்திருந்தான், பதினேழு வயது,
கையில் பெட்ரோல் பங்க்கில் வாங்கிய பூ,
விலைச்சீட்டு அப்படியே.

மேடையில் யாரோ பட்டியலை வாசித்தார்.
"கேரன் ஹால்சன்."
இரண்டு நொடி யாரும் எழவில்லை.
பிறகு அவள் எழுந்தாள்.
எழும்போதே, கறுப்பு அங்கியின் மடிப்புக்குள்,
விரல்கள் அந்தப் பெயரை
அவர் சொன்னபடியே ஒற்றி முடித்திருந்தன.